நாய் உறுமினால் நாம் 'ஆல்பா'வாக, அதாவது அடக்கி ஆளும் தலைவனாக, மாறணுமா?

பின்கட்டு:
வீட்டில் கருப்பி என்று ஒரு நாட்டு நாய் பல வருடமாக இருக்கிறாள். இப்போது ஒரு ஆண் குட்டியும் சேர்ந்திருக்கிறான். சோறு வைத்ததும் அவன் நேராக அவள் தட்டில் வாயை வைக்கிறான், அவள் உறுமுகிறாள். வந்து பார்த்த பயிற்சியாளர், "யார் தலைவன் என்று இவற்றுக்குத் தெரியவில்லை. உறுமினால் மல்லாக்கப் புரட்டி அமுக்குங்கள்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நாய்கள் மேல் கீழ் பார்த்துத்தான் ஒன்றோடொன்று பழகுமா?

தெருவிளக்கு:
தயவுசெய்து புரட்டாதீர்கள். உறுமல் என்பது "தள்ளிப் போ" என்று அவள் சொல்லும் பேச்சு. அதற்கே அடி விழுந்தால், அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கக் கூடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009-இல், நடத்தைப் பிரச்சினை உள்ள நாய்களை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். இப்படிப் புரட்டிப் பிடித்தவர்களில் 100-க்கு 31 பேரிடம் நாய் திருப்பிச் சீறியிருக்கிறது.

இந்த ஆல்பா பேச்சு வந்தது ஓநாயிடமிருந்து. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை சண்டை போட்டுத்தான் தலைமையைப் பிடிக்கின்றன என்று எழுதினார். விலகிப் போக வழியில்லாத இடத்தில் சண்டை வராமல் என்ன செய்யும்? 1970-இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. அவரே பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களைப் பக்கத்திலிருந்து கவனித்தார். பெரும்பாலான கூட்டம் அப்பா, அம்மா, அவர்கள் பெற்ற பிள்ளைகள், அவ்வளவுதான் என்று 1999-இல் எழுதினார். பிள்ளைகள் வளர்ந்தால் சண்டை போட்டுப் பதவி பிடிப்பதில்லை, ஜோடி தேடிக் கிளம்பிவிடும்.

மணல்மேடு:
சரி, ஆனால் நாய்களுக்குள் மேல் கீழ் வரிசையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரோம் நகரத் தெருநாய்களைக் கவனித்தவர்கள் வரிசை இருப்பதைக் கண்டார்கள். பெரும்பாலும் மூத்தது மேலே, இளையது கீழே. ஆனால் மற்றவை பின்தொடர்ந்து போனது, தாங்கள் வாலாட்டி ஓடிவந்து வரவேற்கும் மூத்த நாய்களைத்தான்.

கூட்டு வேலை என்று வந்தால் வரிசை கெடுக்கவும் செய்கிறது. ஆஸ்திரியாவின் ஓநாய் ஆய்வு மையத்தில் ஒரு கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு விலங்குகள் சேர்ந்து இழுத்தால்தான் தீனித் தட்டு வரும். 2017-இல் வெளியான முடிவு: ஓநாய்கள் நன்றாகச் செய்தன, நாய்கள் பெரும்பாலும் தோற்றன. சண்டை வேண்டாம் என்று ஒன்று ஒதுங்கி நிற்க, இரண்டும் ஒரே நேரத்தில் தட்டருகே வருவதே அரிதாம். மேல் கீழ் பார்ப்பதால்தான் ஒத்துழைக்கின்றன என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பின்கட்டு:
இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். சாயங்காலம் விளையாடும்போது கருப்பியே மல்லாந்து படுத்துக் குட்டியை மேலே ஏற விடுகிறாள். அப்போது யார் பெரியவர்?

தெருவிளக்கு:
அந்த நேரத்தில் அவளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. பெரிய நாய் விட்டுக் கொடுக்காவிட்டால் குட்டி ஆட வராது. இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்பார்களே, அது "விளையாட்டுக்குத்தான்" என்ற சைகை. கொஞ்சம் அழுத்திக் கடித்து உலுக்குவதற்கு முன்போ பின்போ அதை அதிகம் செய்வதாக மார்க் பெகாஃப் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1995-இல் காட்டினார்.

சோற்றுக்கு வழி சுலபம். கருப்பிக்கு அவள் வழக்கமான இடம், குட்டிக்குக் கதவுக்கு அந்தப் பக்கம். அவள் தின்று முடித்துத் தட்டை எடுத்த பிறகு கதவைத் திறங்கள்.