புதுப்பிப்பு: மூச்சுப் பரிசோதனை நெகட்டிவ், ஆனாலும் இரைப்பை அழற்சி ஏன்?

உதவிய எல்லாருக்கும் நன்றி. போன மாதம் ரங்கூனிலிருந்து கேட்டது: திசு ஆய்வில் நியூட்ரோஃபில்கள் (அழற்சி இடத்தில் சேரும் வெள்ளணுக்கள்) அப்பியிருக்க, யூரியா மூச்சுப் பரிசோதனையில் ஹெலிகோபாக்டர் பைலோரி (இரைப்பை அழற்சி தரும் கிருமி) இல்லை என்று வந்தது எப்படி?

நான் சாப்பிட்டுவந்த ஓமெப்ரசோலை (அமிலம் குறைக்கும் மாத்திரை) 2 வாரம் நிறுத்தச் சொன்னவர் சொன்னதே சரி. டாக்டரைக் கேட்டு நிறுத்தி, காலை உணவான மோஹிங்காவைத் தள்ளிவைத்து வெறும் வயிற்றில் மறுபடி ஊதியதும் பாசிட்டிவ். (ஆன்டிபயாட்டிக் என்றால் 4 வாரம் இடைவெளி.) ஓமெப்ரசோல் கிருமியை ஒழிப்பதில்லை, அதன் எண்ணிக்கையையும், மூச்சுப் பரிசோதனை பிடிக்கும் யூரியேஸ் நொதியையும் அடக்கிவைக்கிறது, அவ்வளவுதான். அழற்சி ஓயாது: காக் என்ற மரபணுக்கள் உள்ள கிருமி வகை இரைப்பைச் செல்லுக்குள் புரதத்தைச் செலுத்த, செல் இன்டர்லூக்கின்-8 என்ற சைகைப் புரதத்தை விட்டு நியூட்ரோஃபில்களை அழைத்துக்கொண்டே இருக்கும்.

எதிர்பாராதது: இரைப்பையின் கீழ்ப்பகுதித் துண்டில் கிருமி இல்லை, மேல்பகுதித் துண்டில் இருந்தது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் அது மேலே ஒதுங்கும். எண்டோஸ்கோப்பியில் இரண்டு இடத்திலும் எடுக்கச் சொல்லுங்கள்.