கேய்லி குழுவுக்கு எதற்கு மார்க்கு?

எட்டாவது ஆள்:
முதலில் எழுத்துக்கூட்டல். கேலி என்று எழுதினால் கிண்டல், கைலி என்று எழுதினால் லுங்கி, அதனால் இங்கே கேய்லி. அயர்லாந்தில் ஊர்க் கூடங்களில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிற இரவுக்கு அந்தப் பெயர், அதற்கு வாசிப்பவர்கள் கேய்லி குழு. ஃபிடில், மரப் புல்லாங்குழல், பட்டன் அக்கார்டியன், கான்சர்டினா, பாஞ்சோ, பின்னால் ஒரு பியானோ, ஒரு டிரம்.

நான் கிளேர் மாவட்டத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், நான்கு ஜோடி சதுரமாக நின்று ஆடுகிற செட் நடனம் ஆடுகிறேன். இந்த வருடமும் ஃப்ளா இறுதிச் சுற்றை டிவியில் பார்த்தேன். ஃப்ளா என்றால் ஆகஸ்டில் நடக்கிற அகில அயர்லாந்து இசைத் திருவிழா, அதில் கேய்லி குழுப் போட்டிக்குத்தான் கூட்டம் அதிகம். மேடையில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே நிற வெயிஸ்ட்கோட், டிரம் வாசிப்பவர் மரக்கட்டையில் டக் டக் என்று தட்டியதும் எல்லோரும் ஒன்றாக ஆரம்பிக்கிறார்கள். அற்புதமான வாசிப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூடம் முழுக்கத் தேடினாலும் ஆடுகிறவர் ஒருவர் கூட இல்லை. ஆட்டத்துக்காகவே பிறந்த குழுவை ஆட்டமே இல்லாமல் எதை வைத்து அளக்கிறார்கள்? சமையல் போட்டி வைத்து யாரும் சாப்பிடாமல் தட்டின் அழகுக்கு மார்க் போடுவது போல இருக்கிறது.

கான்சர்டினா அப்பா:
எட்டாவது ஆள், உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் பாதிப் படத்தைத்தான் காட்டுகிறீர்கள். என் மகளுக்குப் பதினான்கு வயது, 12 முதல் 15 வயதுப் பிரிவில் ஒரு குழுவில் வாசிக்கிறாள். போட்டி இல்லையென்றால் அந்தப் பத்துப் பிள்ளைகளை ஜனவரி மழையில் வாரம் இரண்டு மாலை ஒரு பள்ளிக் கூடத்துக்கு யார் வரவழைப்பது? தனியாக வாசிக்கும்போது தன் விரல் மட்டும்தான் காதில் விழும். குழுவில் பக்கத்தில் இருப்பவனின் மூச்சையும் கேட்டு வாசிக்க வேண்டும். மாவட்டம், மாகாணம், பிறகு அகில அயர்லாந்து என்று ஒரு படிக்கட்டு கண்ணுக்குத் தெரிவதால்தான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். மூன்று நடுவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றால் பிள்ளை முதுகை நிமிர்த்தித்தான் வாசிக்கும்.

பழைய ரெக்கார்டு:
இரண்டு பேருமே கேய்லி குழு என்பது ஏதோ ஆதிகாலச் சமாசாரம் மாதிரி பேசுகிறீர்கள், அதனால் கொஞ்சம் குறுக்கிடுகிறேன். கேய்லி என்ற பெயரில் முதல் பொது நடன நிகழ்ச்சியை, ஐரிஷ் மொழியை மீட்க உருவான கேலிக் லீக் 1897-ல் நடத்தியது லண்டனில், அதுவும் ஸ்காட்லாந்துக்காரர்கள் செய்வதைப் பார்த்து. எட்டாவது ஆள் உயிரை விடுகிற செட் நடனத்தை, அது குவாட்ரில் என்ற பிரெஞ்சு நடனத்தில் இருந்து வந்த அந்நியச் சரக்கு என்று அதே லீக் ஒதுக்கி வைத்திருந்தது. இத்தனை பெரிய குழு ஏன் வந்தது? முன்பெல்லாம் வீட்டு அடுப்படியில் ஆடுவார்கள், ஒரு ஃபிடில், ஒரு கான்சர்டினா போதும். 1935-ல் பொது நடனக் கூடச் சட்டம் வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் பொது நடனம் கூடாது என்றது சட்டம், பாதிரியார்களும் போலீசும் அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் மிரட்டினார்கள், ஆட்டம் தேவாலயப் பங்குக் கூடங்களுக்குப் போனது. பெரிய கூடம், மைக் சரியில்லாத காலம், நூறு பேர் காலைத் தட்டுகிற சத்தம். அங்கே ஒற்றை ஃபிடில் எங்கே கேட்கும்? பியானோவும் டிரம்மும் சேர்த்துப் பத்துப் பேர் உட்கார வேண்டியதாயிற்று. குழு பெரிதானதற்குக் கூடமே காரணம்.

எட்டாவது ஆள்:
பழைய ரெக்கார்டு ஐயா, நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். கூடத்துக்காகவும் காலுக்காகவும் உருவான குழு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் ஆதிகாலப் பெருமை பேசவில்லை, வேலை என்ன என்று கேட்கிறேன். கேலடோனியன் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் அதுதான் உயிர். நான்கு ஜோடி, ஃபிகர் என்கிற ஒவ்வொரு பகுதியாக முழுதும் ஆடி முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஓர் இரவுக்கு இப்படி ஏழெட்டு செட். கடைசி செட்டில் முட்டி வலிக்கிறபோதும் காலைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிற ஓர் உந்தல் இருக்கிறதே, அதை இங்கே லிஃப்ட் என்பார்கள். அது இருக்கிற குழுவை எல்லாரும் தேடிப் போவார்கள். போட்டியில் சில நிமிடம்தான். அதற்காக எட்டு மாதம் ஒரே நாலைந்து மெட்டுகளைச் சாணை பிடிக்கிறார்கள். அந்த நாலைந்துக்கு மேல் கேட்டால் கையிருப்பு இல்லாத குழுக்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு முறை கோப்பை வாங்கிய குழு ஒன்றை எங்கள் கூடத்துக்கு அழைத்தோம், பெயர் வேண்டாம். பத்து மணிக்கெல்லாம் வேகம் எகிறி, ஹார்ன்பைப் என்கிற நடன மெட்டு வந்தபோது வயதானவர்கள் எல்லாம் நாற்காலிக்குப் போய்விட்டார்கள்.

மரக்கட்டை:
அதற்குப் போட்டி என்ன செய்யும்? மோசமான டிரம்மர் போட்டிக்குப் போனாலும் மோசம், போகாவிட்டாலும் மோசம். நான் டிரம்மர்தான், தைரியமாகச் சொல்கிறேன்.

புதுசு:
ஒரு சந்தேகம். நல்ல குழுக்கள் எல்லாம் போட்டியால் வந்தவையா, போட்டி இல்லாமல் வந்தவையா? பேர் சொன்னால் கேட்டுப் பார்ப்பேன்.

கான்சர்டினா அப்பா:
நல்ல கேள்வி தம்பி. கில்ஃபெனோரா, டல்லா இரண்டையும் கேளுங்கள். இரண்டும் கிளேர்தான். கில்ஃபெனோரா 1909-லிருந்து இருக்கிறது, 1954, 55, 56 மூன்று வருடமும் தொடர்ந்து அகில அயர்லாந்துப் பட்டம். டல்லா 1946-ல் தொடங்கியது, 1957-லும் 1960-லும் ஜெயித்தது. 1956 ஃப்ளா எனிஸ் நகரில், இரண்டு குழுவுக்கும் சொந்த மண்ணில் நடந்தது. அந்த மோதலைப் பற்றி இன்றைக்கும் பப்பில் பேச்செடுத்தால் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். அப்படி ஒரு போட்டி நடந்ததால்தான் அடுத்த மாதம் அந்தக் குழுக்களைக் கேட்க ஊரே கிளம்பிப் போனது. டல்லா 1958-ல் அமெரிக்கா வரை போய் நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தது. இங்கிலாந்தில் குடியேறிய ஐரிஷ்காரர்களின் லிவர்பூல் குழு 1963-லும் 1964-லும் கடல் தாண்டி வந்து பட்டத்தை எடுத்துக்கொண்டு போனது. வெளிநாட்டில் வாழ்கிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியாதா?

எட்டாவது ஆள்:
அங்கேதான் இடிக்கிறது. நீங்கள் சொன்ன கில்ஃபெனோராவும் டல்லாவும் வாரா வாரம் நடனத்துக்கு வாசித்துத் தழும்பேறிய குழுக்கள். அந்த அனுபவத்தை மூட்டை கட்டிக்கொண்டு வருடத்தில் ஒரு நாள் மேடை ஏறினார்கள், அவ்வளவுதான். இப்போது பல குழுக்கள் போட்டிக்கென்றே கூடி, செப்டம்பரில் கலைந்துவிடுகின்றன. இரண்டும் ஒன்றா? அப்புறம் இன்னொன்று, டல்லாவிடம் கிழக்கு கிளேருக்கே உரிய நிதானம் உண்டு, அவசரமில்லாமல் மெட்டைச் சுழற்றிச் சுழற்றி வருவார்கள். கில்ஃபெனோராவிடம் ஒரு குத்து இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த ஊர் என்று சொல்லலாம். இன்றைய இறுதிச் சுற்றுகளில் ஐந்து குழுவை வரிசையாகக் கேட்டுவிட்டு எது எந்த மாவட்டம் என்று சொல்லுங்கள் பார்ப்போம். எது ஜெயித்ததோ அதையே மற்றவர்கள் அடுத்த வருடம் நகல் எடுக்கிறார்கள்.

பழைய ரெக்கார்டு:
ஒரே மாதிரி ஆனதற்கு ரெக்கார்டும் ரேடியோவும் டீச்சர்களும் யூடியூபும் காரணம் இல்லையா? பழியை நடுவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஐரிஷ் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா 1962 வாக்கில் வானொலியில் பேசும்போது, கேய்லி குழுவின் சத்தத்துக்கும் இசைக்கும் உள்ள உறவு கவிழ்த்த ஜாம் பாட்டிலுக்குள் ஈ ரீங்கரிப்பதற்கும் இசைக்கும் உள்ள உறவுதான் என்ற மாதிரி ஒரே போடாகப் போட்டார். பத்துப் பேர் ஒரே மெட்டை ஒன்றாகத் தேய்ப்பதில் தனி மனிதனின் வாசிப்பு காணாமல் போகிறது என்பது அவர் ஆத்திரம். அந்த ஈ நடனக் கூடத்திலும் ரீங்கரிக்கத்தான் செய்தது, போட்டி அதற்கு ஒரு கோப்பை கொடுத்தது, அவ்வளவே. (மார்ட்டின் ஹேஸ் சின்ன வயதில் தன் அப்பாவோடு டல்லா குழுவில் வாசித்தவர்தான். அவர் ஃபிடிலைத் தனியாகக் கேட்டால் ஓ ரியாடா எதைத் தேடினார் என்று புரியும். அதே ஆள் அந்த ஈக்கூட்டத்தில் வளர்ந்தவர் என்பதையும் மறக்காதீர்கள்.)

மரக்கட்டை:
ஈ என்று சொல்லிவிட்டீர்களே. நடனத்துக்கு வாசிக்கும்போது எனக்குத் தனி மனிதன் தேவையே இல்லை, பத்துப் பேரும் ஒரே காலாக வேண்டும். ஓ ரியாடா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். போட்டி நடுவரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்கிறார். எட்டாவது ஆள் சொல்வதில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான்: மேடைக்கு முன்னால் நான்கு ஜோடியை ஆட விடுங்கள், நடுவர் அவர்கள் காலைப் பார்த்து மார்க் போடட்டும்.

கான்சர்டினா அப்பா:
ஆடுகிறவர்கள் நன்றாக ஆடவில்லை என்றால் குழுவுக்கு மார்க் குறையுமா? பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை யார் விளக்குவது? ஃப்ளாவை நடத்துகிற கோல்தஸ் அமைப்பு 1951-ல் மல்லிங்கரில் ஆரம்பித்தபோது ஐரிஷ் இசையைத் தெருவில் வாசிக்கக் கூச்சப்பட்ட காலம். திருவிழாவுக்கு ஆள் வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அந்தச் சாக்குதான் போட்டி. இன்றைக்கும் போட்டிக்கு வருகிற பிள்ளைகள் மீதி ஐந்து நாளும் தெருமுனையில் உட்கார்ந்து யார் யாரோடோ வாசிக்கிறார்கள். என் மகள் போன வருடம் மாகாணச் சுற்றிலேயே தோற்றாள், வண்டியில் அரை மணி நேரம் அழுதாள், மறுநாள் காலையில் எழுந்து அதே ரீல் மெட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். தோற்றதால் அவள் எதையும் இழக்கவில்லை.

எட்டாவது ஆள்:
உங்கள் மகள் அழுததற்கு வருத்தம். ஆனால் மறுநாள் வாசித்தது கோப்பைக்காக இல்லையே, அதைத்தான் நானும் சொல்கிறேன். மார்க் விஷயத்தில் நான் மாறப்போவதில்லை. வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள், அவர்கள் குழுவை மாத முதல் வெள்ளிக்கிழமை எங்கள் கூடத்துக்கு அழைத்து வாருங்கள், ஒன்பது மணிக்கு முதல் செட், இரண்டே செட் வாசித்தால் போதும், பிறகு பெரியவர்கள் வாசிப்பார்கள்.

கான்சர்டினா அப்பா:
அந்த நாலைந்து மெட்டுக்கு மேல் கேட்டால் திணறுவார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது ஆள்:
திணறட்டும், அதே ஜிக் மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நீங்களும் உங்கள் மனைவியும் ஆடுவீர்களா? எங்களுக்கு இன்னும் ஒரு ஜோடி குறைகிறது. ரப்பர் அடி ஷூ வேண்டாம், தரை பிடித்துக்கொள்ளும்.