உதவி: ஜிசிஎஸ்இ கணக்கு – வட்டக் கோணம், கருத்துக்கணிப்புக் கேள்வி (அவசரம்)

ஹரோ அம்மா: வணக்கம். மகளுக்கு நாளைக்கு மாக் எக்ஸாம் (இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வுக்கு முன் பள்ளியில் வைக்கும் மாதிரித் தேர்வு). இரண்டு கேள்வியில் நிற்கிறோம்.

ஒன்று: ஓ மையம். ஏ, பி, சி வட்டத்தில். கோணம் ஏஓசி 130°. ஏபிசி எவ்வளவு? மகள் 50 என்கிறாள், எனக்கு 65 வருகிறது, விடைத்தாளில் 115.

இரண்டு: மக்கள் இணையத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று அறிய ஒரு கேள்வி அமைக்க வேண்டும். அவள் எழுதியது: "நீங்கள் இணையத்தில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? 1–2 மணி, 2–4, 4–6, நிறைய." நல்லாத்தானே இருக்கு? ஏன் மார்க் இல்லை?

குரோய்டன் குமரன்: எந்த போர்டு (தேர்வு வாரியம்)? ஹையரா (கடினத் தாள்), ஃபவுண்டேஷனா (எளிய தாள்)?

நெல்லை ரவி: விடைத்தாளில் அச்சுப்பிழை. மையக் கோணத்தில் பாதிதான் பரிதிக் கோணம். 130-ல் பாதி 65. நீங்கள் சொன்னதே சரி.

பழைய வாத்தியார்: பி எந்த வில்லில் இருக்கிறது என்று சொல்லாமலே கேள்வி, அதைக் கேட்காமலே ஒருவர் பதில். படம் இல்லாமல் வடிவியல் கேட்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஹரோ அம்மா: படத்தில் ஓஏபிசி ஒரு நாற்கரம் மாதிரி இருக்கு. மகள் பாகைமானி வைத்துக்கூட அளந்து பார்த்தாள், எதோடும் ஒத்துவரவில்லை.

துளசி: அளக்கவே வேண்டாம். படம் அளவுக்கு வரையப்படவில்லை என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். நாற்கரம் என்றால் பி சின்ன வில்லில் இருக்கிறது. அப்போது பி-க்கு எதிரே விரிவது ஓ-வில் உள்ள பெரிய கோணம்: 360 − 130 = 230. அதில் பாதி 115. விடைத்தாள் சரி.

மகளுக்கு 50 எப்படி வந்தது என்றால், ஓஏபிசியை வட்ட நாற்கரம் என்று எடுத்து 180-லிருந்து கழித்திருக்கிறாள். நான்கு முனையும் வட்டத்தின் மேல் இருந்தால்தான் அந்த விதி. ஓ மையத்தில் அல்லவா இருக்கிறது? பரீட்சையில் அதிகம் பேர் விழும் குழி இதுதான்.

காரணங்களையும் எழுதச் சொல்லுங்கள்: ஒரு புள்ளியைச் சுற்றிய கோணங்கள் 360°, மையக் கோணம் பரிதிக் கோணத்தின் இருமடங்கு. 115 என்று மட்டும் எழுதினால் காரணத்துக்கான மார்க் போய்விடும். இந்த விதிக்கு வகுப்பில் சொல்கிற 'அம்புத்தலை விதி' மாதிரிச் செல்லப்பெயர்களை நம்ப வேண்டாம்.

நெல்லை ரவி: பி பெரிய வில்லில் இருந்தால் 65தானே?

பழைய வாத்தியார்: இருந்தால்.

குரோய்டன் குமரன்: போர்டு கேட்டேன், இன்னும் சொல்லவில்லை. தாள் எந்த ஆண்டு? வட்டத் தேற்றம் வருகிறது என்றால் ஹையராகத்தான் இருக்கும். ஆனால் கருத்துக்கணிப்புக் கேள்வி அமைப்பது 9–1 கிரேடு முறை (எழுத்துக்குப் பதில் எண்ணில் கிரேடு) வந்த பிறகு கணக்குத் தாளில் வருவதில்லை. அந்த முறையில் முதல் பரீட்சை 2017-ல். இப்போது அது புள்ளியியல் என்ற தனிப் பாடத்தில் இருக்கிறது. பழைய தாளை வைத்து நேரத்தை வீணாக்குகிறீர்கள்.

துளசி: வீண் என்று சொல்ல மாட்டேன். மாதிரி எடுப்பதில் உள்ள குறை இப்போதும் பாடத்திட்டத்தில் உண்டு. "தன் நண்பர்களிடம் மட்டும் கேட்டாள், இது ஊர் முழுவதற்கும் பொருந்துமா?" என்று வரலாம்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு நேரம் என்றால் ஒரு நாளிலா, ஒரு வாரத்திலா? அது இல்லை. 2 மணி நேரம் இருப்பவர் இரண்டு பெட்டியில் டிக் போடலாம். இணையமே பார்க்காதவருக்கு, அரை மணி பார்ப்பவருக்குப் பெட்டி இல்லை. 'நிறைய' என்பது ஆளுக்கு ஆள் மாறும். இப்படி மாற்றுங்கள்: "கடந்த 7 நாள்களில் மொத்தம் எத்தனை மணி நேரம் இணையத்தில் இருந்தீர்கள்? பூச்சியம் / பூச்சியத்துக்கு மேல் 5 வரை / 5-க்கு மேல் 10 வரை / 10-க்கு மேல்."

வவுனியா சிவா: ஊரில் ஓ/எல் (இலங்கையின் சாதாரண தரப் பொதுத் தேர்வு) படிக்கும்போது தேற்றத்தை நிறுவ வேணும். இங்கே விதியைப் பாடமாக்கி இலக்கத்தைப் போட்டால் போதும். பிறகெப்படிப் பிள்ளைக்கு விளங்கும்?

குரோய்டன் குமரன்: அண்ணை, ஹையர் பாடத்திட்டத்தில் வட்டத் தேற்றங்களை நிறுவுவதும் இருக்கு. வாசித்துவிட்டுச் சொல்லுங்கோ.

வவுனியா சிவா: பாடத்திட்டத்தில் இருக்கும் தம்பி. ரியூசனில் எத்தனை பேர் நிறுவிக் காட்டுகிறார்கள்?

பழைய வாத்தியார்: ஓ-விலிருந்து மூன்று ஆரை வரைந்தால் இருசமபக்க முக்கோணங்கள். மூன்று வரியில் நிறுவல் முடிந்துவிடும். இதற்கு ரியூசன் வேறு.

ஹரோ அம்மா: 115 வந்துவிட்டது, அவளே செய்தாள். போர்டு எடெக்செல், தாளின் முன்பக்கத்தில் 2011 என்று இருக்கு. துளசிக்கு நன்றி.

குரோய்டன் குமரன்: 2011! அதைத்தானே முதலில் கேட்டேன்.

நெல்லை ரவி: பி சரியாக ஏ மேலேயே வந்தால் என்ன ஆகும்?