வாட்டர்ஃபயர்: ஆற்றின் நடுவே விறகு எரியும் இரவு

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான பிராவிடன்சில், ஆற்றின் நடுவே விறகுத் தீ ஏற்றும் வாட்டர்ஃபயர் என்ற கலை நிகழ்வைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தீயின் அழகைப் பற்றித்தான் சொல்கிறார்கள். என்னைக் கட்டிப்போட்டது அந்தத் தீ அணையாமல் இருக்க இரவெல்லாம் நடக்கும் வேலை. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

மொஷாசக், உனாஸ்குவாடக்கெட் என்னும் இரண்டு சிற்றாறுகள் நகரின் நடுவே சேர்ந்து பிராவிடன்ஸ் ஆறாகின்றன. இவற்றின் நீர்ப்பரப்பில் எண்பதுக்கும் மேற்பட்ட இரும்புக் கூடைகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. வாட்டர்பிளேஸ் பூங்காவின் குளம் போன்ற பகுதியில் மட்டும் அவை வட்டமாக நிற்கின்றன. பொழுது சாயும் வேளையில் கறுப்பு உடை அணிந்த தன்னார்வலர்கள் கறுப்புப் படகுகளில் வந்து, ஒவ்வொரு கூடையிலும் அடுக்கியிருக்கும் விறகைப் பற்றவைக்கிறார்கள். கரையெங்கும் ஒலிபெருக்கிகளில் பல நாடுகளின் இசை மெல்ல ஒலிக்கிறது. பாடலின் மொழி புரியாவிட்டாலும் அங்கே அது குறையாகத் தோன்றவில்லை.

நான் முதலில் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். பிறகு நீரையொட்டிய நடைபாதைக்கு இறங்கினேன். அனுபவம் அங்கேதான் தொடங்கியது என்பேன். இஞ்சின் ஓசை கேட்காத அளவு மெதுவாக ஒரு படகு கூடையை நெருங்கியது. அதன் ஓரத்தில் நின்ற பெண் பிளந்த கட்டை ஒன்றை இரு கைகளாலும் எடுத்து, எரிகின்ற கட்டைகளுக்குக் குறுக்கே, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு வைத்தார். வீசி எறியவில்லை; வைத்தார். பட்டை சுருண்டு, பிசின் வெடித்து, பொறிகள் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, நீரில் விழுந்து சுருக்கென்று அணைந்தன. படகு அடுத்த கூடைக்கு நகர்ந்துவிட்டது, ஆனால் சிடார் மரக் கட்டையின் மணம் வெகுநேரம் எங்களைச் சுற்றியே இருந்தது. அந்த மணமும் முகத்தில் படும் வெக்கையும் எந்தக் காணொளியிலும் வருவதில்லை என்பதால், படம் பார்த்து இதை மதிப்பிட வேண்டாம் என்று நண்பர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

படகுப் பணி முடித்துக் கரையேறிய முதியவர் ஒருவரிடம் பேச வாய்த்தது. ஒரு சுற்றுக்குப் படகு தாமதமானால்கூடக் கூடையில் தணல்தான் மிஞ்சும், மறுபடியும் சுடரை எழுப்புவது பெரும்பாடு என்று அவர் விளக்கினார். நம் ஊர்க் கோவில்களில் கார்த்திகையன்று கொளுத்தும் சொக்கப்பனை ஒரே மூச்சில் எரிந்து அடங்கிவிடும். இந்தத் தீயையோ இரவு வெகுநேரம் வரை, கட்டை கட்டையாக ஊட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது. குழாய் வழியே எரிவாயு விட்டு இதே காட்சியை எளிதில் உண்டாக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் கால் மணி நேரத்தில் கிளம்பியிருப்பேன்.

இந்த ஆற்றின் பழைய நிலையை அறிந்துகொண்டு போனால் கண்ணுக்குத் தெரிவது இன்னும் கனமாகிறது. ஒரு காலத்தில் நகர மையத்தில் இந்த நீரையெல்லாம் சாலைகளும் வண்டி நிறுத்துமிடங்களும் மூடியிருந்தன. கிராஃபர்ட் தெருப் பாலம் 1,147 அடி அகலத்தில், உலகிலேயே மிக அகலமான பாலம் என்று கின்னஸ் பதிவில் இடம்பெறும் அளவுக்கு ஆற்றை மறைத்துக் கிடந்தது. கட்டடக் கலைஞர் வில்லியம் வார்னரின் திட்டப்படி, 1980களிலும் 90களிலும் அந்த மூடியை அகற்றி, ஆறுகள் கூடும் இடத்தையே நகர்த்தி, கரைகளில் நடைபாதை அமைத்தார்கள். பார்னபி எவன்ஸ் என்ற கலைஞர் 1994ஆம் ஆண்டு முடியும் இரவின் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்காக ‘முதல் தீ’ என்ற பெயரில் வாட்டர்ஃபயரை உருவாக்கினார். 1996இல் சர்வதேசச் சிற்பக்கலை மாநாட்டின்போது மீண்டும் ஏற்றினார். மக்கள் விடவில்லை; அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து இது தொடர் நிகழ்வாயிற்று. திறந்துவிட்ட ஆற்றங்கரைக்கு மக்களை மீண்டும் வரவழைத்ததில் இந்தக் கலைப்படைப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பார்வைக்குக் கட்டணம் கிடையாது. இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நன்கொடைகளைக் கொண்டு இதை நடத்துகிறது. எல்லா வாரமும் நடப்பதில்லை, சில இரவுகளில் ஆற்றின் ஒரு பகுதியில் மட்டுமே ஏற்றுகிறார்கள். ஆகையால் முழு ஏற்றல் நாளா என்று அட்டவணையில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் பற்றவைப்பதைக் காணலாம். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் காற்றடிக்கும் திசையைக் கவனித்து, புகை வராத கரையில் நிற்பது நல்லது. வாட்டர்பிளேஸ் பூங்காவில் நெரிசல் அதிகம். ஆற்றோடு தெற்கே நடந்தால் கூட்டம் குறைந்து, படகுகள் விறகிடுவதை அருகிலிருந்து பார்க்க முடிகிறது. அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் யாரேனும் இருந்தால், பார்வையாளராக ஒருமுறை வந்துவிட்டு, அடுத்த முறைக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள்.