ஒரே வேலை, வேறு சம்பளம்: மனு போட்டால் நிற்குமா?

துரைப்பாக்கம் தம்பி: ஆபீஸ் பிரிண்டரில் யாரோ விட்டுப்போன பேஸ்லிப் கிடந்தது. பக்கத்து சீட்டுக்காரருடையது. ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவர். வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். என்னைவிட மாதம் பதினெட்டாயிரம் அதிகம்! எனக்கு இங்கே ஐந்து வருடம். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறதே, தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாமா?

பாரிமுனை கறுப்புக்கோட்டு: நிற்காது தம்பி. 39ஆவது பிரிவு சொல்வது ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம். அதுவும் அரசுக்கான வழிகாட்டி நெறிதான். 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியச் சட்டத்தொகுப்பும் சரி, பாலினத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத்தான் தடுக்கின்றன. நீங்கள் இருவரும் ஆண்கள். அவர் சேரும்போது பேரம் பேசினார், நீங்கள் பேசவில்லை.

அம்பத்தூர் செங்கொடி: வக்கீல் சார் பாதியைத்தான் சொல்கிறார். 1982இல் ரந்தீர் சிங் வழக்கு என்னாச்சு? டெல்லி போலீஸில் வண்டி ஓட்டியவர், மற்றத் துறை டிரைவர்களுக்குத் தரும் சம்பளத்தைக் கேட்டார். உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 2016இல் பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர்களுக்கும் நிரந்தர ஊழியரின் சம்பள விகிதத்தில் குறைந்தபட்சத் தொகை கிடைத்தது.

பாரிமுனை கறுப்புக்கோட்டு: இரண்டிலும் எதிராளி யார் தோழர்? அரசு. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற 14ஆவது பிரிவைக் காட்டி அரசைத்தான் கேட்கலாம், ஓஎம்ஆர் தனியார் கம்பெனியை அல்ல.

வேளச்சேரி அக்கா: அப்போ நான் கேட்கலாமா சார்? அதே டீம், அதே வேலை, ஆண்களுக்கு அதிகம்.

பாரிமுனை கறுப்புக்கோட்டு: தாராளமாக, மேடம். 1987 மெக்கினன் மெக்கென்சி வழக்கு உங்களுக்காகவே வந்த மாதிரி. பெண் ஸ்டெனோக்களுக்குக் குறைந்த சம்பளம். யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தைக் கம்பெனி காட்டியது, கொடுக்க வசதியில்லை என்றது. கோர்ட் எதையும் ஏற்கவில்லை. செங்கொடித் தோழர் கவனிக்க: யூனியன் போட்ட ஒப்பந்தம்!

அம்பத்தூர் செங்கொடி: குத்திக்காட்டினது போதும். அக்கா, ஒன்று பாருங்கள். ஒரே மாதிரி வேலை எது என்று பார்க்க 1976 சட்டத்தில் திறமை, உழைப்பு, பொறுப்பு மூன்றுதான். புதிய தொகுப்பில் 'அனுபவம்' என்று நைசாக ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். இனி எச்.ஆர். அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

பாரிமுனை கறுப்புக்கோட்டு: அது அந்த வேலைக்குத் தேவைப்படும் அனுபவம். ஆளின் வயதும் சர்வீஸும் அல்ல.

அம்பத்தூர் செங்கொடி: அதை நிரூபிக்கக் கோர்ட் படி ஏற வேண்டியது அக்காதானே?

துரைப்பாக்கம் தம்பி: அனுபவம்தான் கணக்கு என்றால் எனக்கல்லவா அதிகம் தர வேண்டும்? சரி, விடுங்கள். பேஸ்லிப்பைக் கவிழ்த்து அவர் மேஜையில் வைத்துவிட்டேன். ஏப்ரலில் அப்ரைசல். எவ்வளவு கேட்கலாம் என்பதாவது இப்போது தெரியும்.