மறு: ‘டெட் ரெயில்’ – வெறுந்தடம் எனலாமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மாதிரி ரயிலில் தண்டவாளம் வழியாக மின்சாரம் கொடுக்காமல், வண்டிக்குள்ளேயே பேட்டரி வைத்து ஓட்டுவதை ஆங்கிலத்தில் ‘டெட் ரெயில்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘செத்த தடம்’ என்ற உங்கள் பரிந்துரையைப் பார்த்தேன். சின்னச் சொல், வாயில் நிற்கும். ஆனால் செங்கோட்டையில் இருந்துகொண்டு என்னால் அதை ஏற்க முடியவில்லை. இங்கிருந்து புனலூர் போன மீட்டர்கேஜ் வண்டியை 2010இல் நிறுத்தினார்கள். 2018இல் அகலப்பாதை முழுதாகத் திறக்கும்வரை இங்கிருந்து புனலூருக்கு ரயில் கிடையாது. எங்களுக்குச் செத்த தடம் என்றால் அதுதான், வண்டி ஓடாத தடம். டெட் ரெயிலிலோ வண்டி ஜோராக ஓடுகிறது. தண்டவாளத்தில் மின்சாரம் இல்லை, அவ்வளவுதான்.

என் தோட்டத்தில் இருப்பது 45 மில்லிமீட்டர் அகலமுள்ள மாதிரி ரயில் தடம். 22.5இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால் நம் பழைய மீட்டர்கேஜுக்குப் பொருந்தும் என்பதால்தான் அதைப் போட்டேன். முதலில் தண்டவாளம் வழியாகவே மின்சாரம் கொடுத்தேன். சாரல் மாதங்களில் பித்தளையில் களிம்பு ஏறிவிடும். உப்புத்தாளால் ஒரு முனையிலிருந்து தேய்த்துக்கொண்டு போவதற்குள் மறுமுனையில் பலா இலை ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கும், எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். இப்போது எஞ்சினை ஒட்டிய சரக்குப் பெட்டிக்குள் 18650 என்ற அளவில் வரும் மூன்று உருளை லித்தியம் செல்கள், தொடராக 11.1 வோல்ட், செல்களைக் காக்கும் பாதுகாப்புப் பலகையோடு. ரேடியோ கார்களுக்கு விற்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரும் வேகக் கட்டுப்படுத்தியும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. செலவும் கைக்கு அடக்கம். (கார் ரிமோட்டில் விரலை எடுத்ததும் விசை நடுவுக்குத் திரும்பி வண்டி நின்றுவிடும். வைத்த இடத்தில் நிற்கும் குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.)

என் பரிந்துரை ‘வெறுந்தடம்’. வெறுங்கை, வெறுந்தரை மாதிரி. ஒன்று இல்லை என்று சொல்கிறது, கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. எதிர்ப்பதம் ‘மின்தடம்’. இன்னொரு நண்பர் எழுதிய ‘மின்னில் தடம்’ (மின் இல்லாத தடம்) இலக்கணப்படி சரி, ஆனால் வேகமாகச் சொன்னால் ‘மின்னல் தடம்’ என்றே காதில் விழுகிறது.

வண்டி ஏதும் இல்லாமல் காலியாகக் கிடக்கும் தடத்தைத்தான் வெறுந்தடம் என்கிறோமோ என்று யாராவது எடுத்துக்கொள்ளலாம், அந்த ஒரு தயக்கம் உண்டு. அதற்குக் ‘காலித் தடம்’ இருக்கிறதே என்று நினைக்கிறேன். அப்புறம், தென்மலைப் பக்கம் தமிழோடு மலையாளமும் பேசிப் பழகியவர்கள் இந்தச் சொல் தங்களுக்கு எப்படிப் படுகிறது என்று எழுதுங்கள்.