மெத்தை மாற்றிய பிறகு பழைய தலையணை உயரமாகத் தெரிகிறது: சரியான உயரத்தை எப்படி அளப்பது?

அரைத்தூக்கம் (கேள்வி)

ஒருக்களித்தே தூங்கும் ஆளுக்கான கேள்வி. முன்பு இருந்தது 10 செ.மீ. தென்னைநார் மெத்தை, நல்ல கெட்டி. இப்போது 20 செ.மீ. மெமரி ஃபோம். தலையணை மட்டும் அதேதான்: பாலியஸ்டர் பஞ்சு, சும்மா வைத்து அளந்தால் 16 செ.மீ. பழைய மெத்தையில் எந்தத் தொந்தரவும் இல்லை. புதியதில் காலையில் எழும்போது கழுத்தின் ஒரு பக்கம் இறுகிப் போகிறது, அதுவும் மெத்தையை ஒட்டிக் கிடந்த பக்கம்.

"மெமரி ஃபோம் மெத்தைக்கு மெமரி ஃபோம் தலையணைதான் போட வேண்டும்" என்கிறார்கள். அப்படி ஒரு விதி உண்டா? வாங்குவது, திருப்பிக் கொடுப்பது, மறுபடி வாங்குவது என்று அலையாமல் உயரத்தை முதலிலேயே கணக்குப் போட வழி இருக்கிறதா?

---

அளவுகோல்

விதியெல்லாம் இல்லை. மெத்தை எதுவாகவும் இருக்கலாம், தலையணை எதுவாகவும் இருக்கலாம், உயரம் பொருந்தினால் போதும்.

ஒருக்களித்துப் படுக்கும்போது காதுக்கும் மெத்தைக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. அதை நிரப்பத்தான் தலையணை. அந்த இடைவெளி தோள் அகலத்தைப் பொறுத்தது, தோள் மெத்தைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பொறுத்தது. தென்னைநாரில் தோள் மேலேயே நிற்கும். ஃபோமில் உள்ளே போய்விடும். தலை அந்த அளவுக்கு இறங்காது. ஆக, மெத்தை மென்மையாக ஆக ஆகத் தலையணை தாழ வேண்டும். மெத்தையை மாற்றி, தலையணையை அப்படியே விட்டதில்தான் சிக்கல்.

வலிக்கும் பக்கத்தைச் சொன்னது நல்லதாயிற்று. தலையணை உயரம் அதிகமானால் தலை கூரைப் பக்கம் தூக்கிக்கொள்ளும், மெத்தைப் பக்கத் தசை இரவெல்லாம் இழுபட்டுக் கிடக்கும். தாழ்வாக இருந்தால் தலை தொங்கும், மேல்பக்கத் தசை இழுபடும். இதை வைத்தே தீர்ப்பு எழுதிவிட முடியாது, ஆனால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும்.

அந்த 16 செ.மீ. கணக்கை விட்டுவிடுங்கள். தலை வைத்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் வேண்டும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. 5 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தரையில் போட்ட தலையணையின் நடுவில் படுக்க வையுங்கள். 10 நிமிடம் விடுங்கள். தரையிலிருந்து கேனின் மேல்விளிம்பு வரை அளந்து, அதிலிருந்து படுத்த நிலையில் கேனின் உயரத்தைக் கழியுங்கள். மிச்சம் எதுவோ அதுதான் அமுங்கிய உயரம். புசுபுசுவென்று இருக்கும் பஞ்சுத் தலையணை இதில் மளமளவென்று இறங்கும், லேடெக்ஸ் (ரப்பர் நுரை) அவ்வளவாக இறங்காது. உறைமேல் அச்சடித்த உயரத்தை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

இனி உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பது. சுவரோரம் நின்று தோளை அளக்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு. தோள் மெத்தையில் இறங்குவதும், படுத்தால் லேசாக முன்பக்கம் சுருளுவதும் அதில் வராது. துண்டு முறை அதைவிடத் துல்லியம்:

பெரிய குளியல் துண்டுகள் மூன்று நான்கை ஒரே அகலத்துக்கு மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். உங்கள் மெத்தையிலேயே படுங்கள். அடுக்கின் ஓரம் தோளைத் தொட்டு நிற்க வேண்டும், தோள் அதன்மேல் ஏறக் கூடாது. 10 நிமிடம் அசையாமல் கிடங்கள், ஏனென்றால் மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகித்தான் முழுசாக இறங்கும். பிறகு ஒருவரைக் கட்டில் மட்டத்துக்குக் குனிந்து முன்பக்கமிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்கு, மோவாய், கழுத்துக்குழி மூன்றும் ஒரே கோட்டில், மெத்தைக்கு இணையாக வர வேண்டும். மூக்கு கூரைப் பக்கம் ஏறியிருந்தால் ஒரு மடிப்பை எடுங்கள், மெத்தைப் பக்கம் சரிந்திருந்தால் ஒரு மடிப்பைச் சேருங்கள். கோடு சரியானதும் அந்த அடுக்கிலேயே மூன்று இரவு தூங்குங்கள். ஒரு நாள் போதாது, புதிய உயரம் எதுவானாலும் முதல் இரவில் அந்நியமாகத்தான் இருக்கும். கடைசியில் அடுக்கை உள்ளங்கையால் நன்றாக அமுக்கி அளந்துகொள்ளுங்கள்.

---

நுரைமனிதன்

மேலே சொன்னது எல்லாம் சரி. மெமரி ஃபோம் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். இது வெப்பத்துக்கு மசியும் சரக்கு. 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கை மெத்தைக்கென்று உருவாக்கியபோதே அதன் குணம் இதுதான். குளிர்ந்த அறையில் விறைக்கும், சூட்டில் குழையும். ஏசி போட்டுத் தூங்கும் இரவும் போடாத இரவும் ஒரே மெத்தையில் இரண்டு கெட்டி. துண்டுச் சோதனையை வழக்கமாகத் தூங்கும் அறை வெப்பத்தில்தான் செய்ய வேண்டும். புது ஃபோம் முதல் சில வாரங்களில் கொஞ்சம் தளரவும் செய்யும், அதனால் ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

அடர்த்தியையும் கெட்டியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதியிருப்பது அடர்த்தி. எத்தனை வருடம் குழி விழாமல் தாங்கும் என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அடர்த்தி அதிகமான ஃபோம் மென்மையாகவும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கல்லாகவும் இருக்கலாம். படுத்துப் பார்க்காமல் 'ஹை டென்சிட்டி' என்ற சொல்லை நம்பி வாங்குவது வீண்.

தலையணைக்கு என் ஓட்டு ஜிப் வைத்த, துண்டாக்கிய ஃபோமோ லேடெக்ஸோ அடைத்த வகைக்கு. தேவையான உயரம் வரும்வரை பிடிபிடியாக வெளியே எடுக்கலாம். எடுத்ததைப் பையில் கட்டி வையுங்கள், ஒரு வருடத்தில் அடைப்பு தளர்ந்து தாழும்போது கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கும். ஒரே கட்டியாக வார்த்த தலையணையில் இந்த வசதி கிடையாது. அது ஒரு செ.மீ. தாழ்வாக இருந்தால் மட்டும் சமாளிக்கலாம்: மடித்த துண்டை உறைக்குள், தலையணைக்கு அடியில் தள்ளுங்கள். மேலே வைத்தால் நகர்ந்துவிடும்.

---

அரைத்தூக்கம்

நன்றி. துண்டு அடுக்கு 9 செ.மீ. வருகிறது, பழைய தலையணை கேன் சோதனையில் 12. ஆக 3 செ.மீ. அதிகம்.

இரண்டு சந்தேகங்கள். பழையதன் தையலைப் பிரித்துப் பஞ்சை எடுக்கலாமா? இரவில் பாதி நேரம் மல்லாந்துவிடும் ஆளுக்கும் 9 சரிப்படுமா?

---

தையல்பெட்டி

எடுக்கலாம், ஆனால் முதலில் அது எடுக்கத் தகுந்த தலையணையா என்று பாருங்கள். இரண்டாக மடித்துக் கையை விடுங்கள். தானாக விரிந்தால் உயிர் இருக்கிறது. மடித்தபடியே கிடந்தால் உள்ளே இழைகள் நொறுங்கிவிட்டன, தையல் பிரித்துப் பயனில்லை, புதிதுதான்.

உயிர் இருந்தால் குறுகிய பக்கத் தையலில் 15 செ.மீ. பிரியுங்கள், நீளப் பக்கத்தைத் தொடாதீர்கள். எடை போட்டு 50 கிராம், 50 கிராமாக எடுங்கள். கை முதலில் மூலைக்குத்தான் போகும், அங்கே எடுத்தால் மூலை சப்பிவிடும், நடுவிலிருந்து எடுங்கள். மிச்சத்தை விரலால் பிரித்து உதிர்த்து விடாவிட்டால் குழி அப்படியே நிற்கும். உடனே தைக்க வேண்டாம். ஊக்கு குத்தி, மேலே தடித்த உறை போட்டு, கேன் சோதனையில் 9 வரும்வரை பார்த்துவிட்டுத் தையுங்கள்.

மல்லாந்தால் 9 கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். மோவாய் நெஞ்சைப் பார்த்து மடங்கினால் உயரம் கூடுதல் என்று அர்த்தம். இரண்டு நிலையிலும் புரளுகிறவர்களுக்கு நடு தாழ்ந்து இரு ஓரமும் உயர்ந்த தலையணை தோதுப்படும். பஞ்சுத் தலையணையில் இதைக் கையாலேயே செய்யலாம்: படுக்குமுன் நடுப்பஞ்சை இரு பக்கமும் தள்ளி, முஷ்டியால் ஒரு பள்ளம். தினமும் செய்ய வேண்டும், அதுதான் சள்ளை.

அலை வடிவத் தலையணை வாங்கினால், உயர்ந்த மேடு ஒருக்களிப்பதற்கு, தாழ்ந்தது மல்லாக்க. மேடு கழுத்துக்கடியில் வர வேண்டும். பலர் மேட்டின்மேல் தலையை வைத்துவிட்டு "கழுத்து வலிக்கிறது" என்கிறார்கள், வலிக்கத்தான் செய்யும்.

---

அளவுகோல்

கை எங்கே போகிறது என்றும் கவனியுங்கள். பஞ்சு எடுத்த பிறகு தூக்கத்தில் கை தானாகத் தலையணைக்கு அடியில் புகுந்தால், அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டீர்கள் என்றே பெரும்பாலும் பொருள், உடம்பு உயரத்தைத் தானே ஈடுகட்டப் பார்க்கிறது. அந்தப் பழக்கம் தோளையும் பிடிக்கும், விரல்களையும் மரக்கச் செய்யும். எழுந்து உதறியதும் போகும் மரப்பு வேறு. பகலிலும் நீடித்தாலோ, பிடி தளர்ந்தாலோ தலையணை ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணை வைத்தால் மேல்கால் முன்னே விழுந்து இடுப்பைத் திருகாது. கணுக்கால் வரை நீண்டதாக இருந்தால் நல்லது.

---

கட்டில்சட்டம்

எல்லோரும் தலையணையிலேயே நிற்கிறீர்கள். புது மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது? குறுக்குச் சட்டம் போட்ட கட்டில் என்றால் சட்டங்களுக்கு இடையில் 7 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஃபோம் அந்த இடுக்கில் பிதுங்கித் தோள் பக்கம் பள்ளமாகும், அப்புறம் 9 செ.மீ. கணக்கெல்லாம் ஆட்டம் கண்டுவிடும். இடைவெளி பெரிதானால் சட்டம் கூட்டுங்கள், அல்லது மேலே பிளைவுட் பலகை. பலகை போட்டால் 5 செ.மீ. அளவுக்கு ஆங்காங்கே துளை போடுங்கள். மூடிய பலகையில் வியர்வை ஈரம் போக வழியில்லாமல் மெத்தையின் அடியில் பூஞ்சை வரும்.

பழைய தென்னைநார் மெத்தையையும் தூக்கிப் போடுமுன் ஒரு தடவை சோதியுங்கள். நேரான கம்பு ஒன்றைக் குறுக்கே வைத்து, கம்புக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2 செ.மீ.க்குள் என்றால் இன்னும் ஓடும், விருந்தாளிக்கு ஆகும். புதியதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாடு கால்மாடாகத் திருப்புங்கள். அடுக்கு ஃபோம் மெத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல்பக்கம் ஒன்றுதான், அவற்றைக் கவிழ்த்துப் போடக் கூடாது.

---

தையல்பெட்டி

ஒன்று விட்டுப்போனது. பஞ்சைக் குறைத்த கையோடு துவைத்துவிடலாம், பாலியஸ்டர் தாங்கும். தையல் போட்ட பிறகு மட்டும். மெஷினில் ஒற்றையாகப் போட்டால் சுழலும்போது ஒரு பக்கம் சாய்ந்து அடிக்கும், இரண்டாகப் போடுங்கள். சோப்புத்தூள் வழக்கத்தில் பாதி, அலசல் இரண்டு தடவை. உறையை 60 டிகிரியில் துவைத்தால் தூசிப் பூச்சி சாகும். ட்ரையர் என்றால் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு, கட்டி தட்டாது. வெயில் என்றால் மணிக்கொரு முறை திருப்பி உதறுங்கள். வெளியே காய்ந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும், நடுவை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. இதையெல்லாம் மெமரி ஃபோமுக்கும் லேடெக்ஸுக்கும் செய்யாதீர்கள். மெமரி ஃபோம் நனைந்தால் தன் எடையிலேயே கிழியும், லேடெக்ஸ் வெயிலில் பொரிந்து உதிரும்.

---

அரைத்தூக்கம்

110 கிராம் வெளியே வந்தது, கேன் சோதனையில் 9.5. இப்போதைக்கு ஊக்கோடு இருக்கிறது. சட்ட இடைவெளி 11 செ.மீ., பலகை அறுக்கக் கொடுத்தாயிற்று. பலகை போட்ட பிறகு துண்டு அடுக்கை மறுபடி அளந்துவிட்டுத்தான் தையல்.